ரோல்-பிளேயிங் கேம்களில் (ஒரு கதாபாத்திரமாக மாறி நாம் ஆடுபவை) உங்களுக்கு மிகவும் பிடித்த குவெஸ்ட், அதாவது கதைக்குள் நமக்குத் தரப்படும் வேலை, எது? ஏன்?

யோசிக்காமல் சொல்வேன்: 'த விட்சர் 3' கேமில் வரும் 'ஃபேமிலி மேட்டர்ஸ்'. அதிலும் குறிப்பாக, பாரன் தன் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டு வாசல்வரை நடக்கும் அந்த இரவு. பெரும்பாலும் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், அப்புறம் வேறு சில குவெஸ்டுகளும் வரும். முடிவுகளை மறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் இன்னும் விளையாடாத கேமின் பெயர் வந்தால் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

விட்சர் 3, போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2015-இல் வெளியிட்ட கேம். நாம் கெரால்ட், கூலி வாங்கிக்கொண்டு அரக்கர்களைக் கொல்பவன். மகளைப் போல வளர்த்த சிரியைத் தேடி, போர் மிதித்துச் சீரழித்த வெலென் என்ற சதுப்பு நிலத்துக்கு வருகிறோம். அந்தப் பகுதியைத் தன் கையில் வைத்திருப்பவன் பிலிப் ஸ்ட்ரெங்கர். எல்லோரும் பிளடி பாரன் என்பார்கள். சிரியைப் பற்றி அவனுக்குத் தெரியும். ஆனால் காணாமல் போன மனைவி அன்னாவையும் மகள் தமாராவையும் கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் சொல்வேன் என்கிறான்.

இதுவரைக்கும் எல்லா கேமிலும் வரும் பேரம்தான். தோண்டத் தோண்டத்தான் தெரிகிறது, அவர்களை யாரும் கடத்தவில்லை, அவர்களாகவே ஓடிப் போயிருக்கிறார்கள் என்று. பாரன் குடிகாரன், மனைவியை அடிப்பவன். வயிற்றில் இருந்த குழந்தை கலைந்துவிட்டது. அதற்குச் சடங்கும் இல்லாமல் பெயரும் இல்லாமல் எங்கோ புதைத்துவிட்டார்கள். அது இப்போது பாட்ச்லிங் என்ற பேயுருவாக எழுந்து அலைகிறது.

கேம் நமக்கு இரண்டு வழி தருகிறது. அதைக் கொன்று அதன் ரத்தத்தை எடுத்துப் போகலாம். அல்லது பாரனே அதற்குப் பெயர் வைத்து, மகளாக ஏற்றுக்கொண்டு, வீட்டு வாசற்படியின் கீழ் புதைக்கலாம். அப்படிச் செய்தால் அது வீட்டைக் காக்கும் ஆவியாக மாறும். இது போலந்து நாட்டுப்புற நம்பிக்கையிலிருந்து எடுத்தது. கலைந்த கருவை வாசற்படியின் கீழ் புதைத்தால் அது வீட்டுத் தெய்வம்போல் காவல் நிற்கும் என்று அங்கே நம்பிக்கை உண்டு. தங்கள் ஊர்க் கதையை உருவாக்கியவர்கள் எவ்வளவு அக்கறையோடு உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்றும் வியப்பு.

இரண்டாவது வழியை எடுத்தால், இரவில் பாரன் அந்த உருவத்தைக் கையில் தூக்கிக்கொள்கிறான். அவன் மெதுவாக நடக்கிறான், நாம் கூடவே போக வேண்டும். விரைவுபடுத்த முடியாது. வழியில் ஆவிகள் பாய்கின்றன. அவன் கைகள் குழந்தையோடு இருப்பதால் அவனால் வாளெடுக்க முடியாது, நாம்தான் வெட்ட வேண்டும். நடுநடுவே குழந்தை முறுக்கிக்கொண்டு அலறும். அப்போது ஆக்ஸி என்ற மந்திரத்தால் அதைச் சமாதானப்படுத்த வேண்டும். அதுவரை அந்த மந்திரத்தை நாம் எதிரிகளைக் குழப்பவும் பேச்சில் ஆட்களை மடக்கவும்தான் பயன்படுத்தியிருப்போம். இங்கே அதே பட்டன் ஒரு குழந்தையைத் தட்டிக்கொடுக்கப் பயன்படுகிறது. வாசலில் பாரன் அதை மகளென்று ஏற்று, டியா என்று பெயர் வைக்கிறான்.

எனக்கு அவன்மேல் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று கேமும் கேட்கவில்லை. அவன் செய்தது மன்னிக்கக்கூடியது என்று ஒரு வரிகூட வராது. ஆனால் அந்த நடை முழுக்க அவனைப் பாதுகாக்கும் வேலை என் கையில் இருந்தது. ஒருவனை வெறுத்துக்கொண்டே அவனுக்குக் காவல் நிற்பது என்ற அனுபவத்தை எனக்குப் படமோ நாவலோ தந்ததில்லை. நாம் ஆடாமல் வெறுமனே பார்க்கும் வெட்டுக்காட்சியாகக் காட்டியிருந்தால் நானும் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

எனக்கு ஒரு குவெஸ்ட் பிடிக்கிறதா இல்லையா என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. கதை எவ்வளவு சோகம், திருப்பம் எவ்வளவு பெரிசு என்பதெல்லாம் அப்புறம். கதையின் கனமான இடத்தில் என் கை என்ன செய்துகொண்டிருந்தது? வெறுமனே எக்ஸ் பட்டனை அழுத்தி டயலாக்கைத் தள்ளிக்கொண்டிருந்ததா, அல்லது அந்தச் செயலே கதையாக இருந்ததா?

பாரனின் கதை அதோடு முடியாது. அன்னா, க்ரூக்பேக் பாக் என்ற சதுப்பில் குரோன்கள் எனும் மூன்று சூனியக்காரிகளிடம் சிக்கி, அங்கிருக்கும் அநாதைக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு குன்றுக்குள் அடைபட்ட ஆவியைக் கொல்வதா, விடுவிப்பதா என்று நாம் முடிவெடுக்க வேண்டும். விடுவித்தால் குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஆனால் அந்த ஆவி ஒரு கிராமத்தையே அழிக்கிறது, குரோன்களின் தண்டனையால் அன்னா உருமாறிச் சாகிறாள், பாரன் தூக்கில் தொங்குகிறான். கொன்றால் அன்னா மனம் பேதலித்தாலும் உயிரோடு இருக்கிறாள், பாரன் அவளைக் குணப்படுத்த நீல மலைகளுக்கு அழைத்துப் போகிறான். ஆனால் குழந்தைகளை அப்புறம் பார்க்கவே முடியாது. முடிவெடுக்கும் நேரத்தில் இதெல்லாம் நமக்குத் தெரியாது. விளைவு வெகுநேரம் கழித்துத்தான் வரும், அதற்குள் கேமை நாலைந்து முறை சேவ் செய்து தாண்டியிருப்போம், திரும்பிப் போய் மாற்றுவது எளிதல்ல. நல்லவன் கெட்டவன் என்று மதிப்பெண் போடும் மீட்டரும் கிடையாது. பலர் இந்தப் பகுதியைத்தான் கொண்டாடுவார்கள், நியாயம்தான். எனக்கு அந்த நடைதான் ஒரு படி மேல்.

அடுத்தது மிகப் பழையது. ஸ்குவேர் நிறுவனம் 1995-இல் நின்டென்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்கு வெளியிட்ட 'க்ரோனோ ட்ரிகர்'. காலப்பயணம்தான் மொத்தக் கேமும். கடைசிக் கட்டத்தில் வரும் ஒரு சைடு குவெஸ்டில் (பிரதான கதைக்கு வெளியே விரும்பினால் செய்யும் வேலை), கி.பி. 600-இல் ஃபியோனா என்ற பெண், பாலைவனமாகிப்போன நிலத்தில் காடு வளர்க்க ஆசைப்படுகிறாள். ஒரு மனித ஆயுளில் முடிகிற வேலை இல்லை. நம் குழுவில் இருக்கும் ரோபோ, 'நான் இருந்து செய்கிறேன், நீங்கள் 1000-க்குப் போய் என்னைக் கூட்டிக்கொள்ளுங்கள்' என்கிறது. நாம் கால ஊர்தியில் ஏறி 400 ஆண்டுகளைச் சில விநாடிகளில் தாண்டுகிறோம். மேப்பில் மணல் இருந்த இடம் முழுக்கப் பச்சை. உள்ளே ஒரு கோயில் கட்டியிருக்கிறார்கள். ரோபோ அங்கே இயக்கம் நின்று, துருவேறி, மக்கள் வணங்கும் பொருளாக இருக்கிறது. நமக்குச் சில விநாடி, அதற்கு நானூறு வருஷம். யாரும் இதை வாயால் விளக்குவதில்லை. எவ்வளவு சாதாரணமாக அந்த ஊர்தியை அத்தனை நேரம் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பதை நாமே உணர்கிறோம்.

அன்று இரவு எல்லோரும் காட்டில் நெருப்பு மூட்டி உட்கார்ந்து பேசிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். ரோபோவைப் பழுதுபார்த்த லூக்கா மட்டும் எழுந்து போய், ஒரு சிவப்பு வாயில் வழியாகத் தன் சிறுவயதுக்குள் நுழைகிறாள். கேமின் தொடக்கத்திலிருந்தே அவள் அம்மா லாரா நாற்காலியைவிட்டு எழுந்ததில்லை. ஒரு விபத்தில் கால் போய்விட்டது. இப்போது அந்த விபத்து நடக்கும் நாளிலேயே நிற்கிறோம். அம்மாவின் உடை இயந்திரத்தில் மாட்டிக்கொள்கிறது, குட்டி லூக்கா என்ன செய்வதென்று தெரியாமல் பதறுகிறாள். இயந்திரத்தை நிறுத்தக் கடவுச்சொல் வேண்டும். அப்பா டாபான் வைத்தது, மனைவியின் பெயர்தான். திரையில் எழுத்துப் பலகை எதுவும் வராது. கன்ட்ரோலரில் இருக்கும் பட்டன்களையே அழுத்த வேண்டும்: எல், ஏ, ஆர், ஏ. நேரம் ஓடிக்கொண்டிருக்கும். சரியாக அழுத்தினால் நிகழ்காலத்தில் லாரா எழுந்து நடக்கிறாள். தவறினால் அந்த அலறல் கேட்கும், எதுவும் மாறாது, கேம் அப்படியே தொடரும்.

அவ்வளவு நேரம் சண்டை போடவும் மெனுவைத் திறக்கவும் இருந்த பட்டன்கள் ஒரு தாயின் பெயராகிவிடுகின்றன. இவ்வளவு எளிமையாக இப்படி ஒன்றைச் செய்த இன்னொரு கேமை நான் பார்த்ததில்லை. குரல் நடிப்பு இல்லாத, சின்னச் சின்னப் புள்ளிகளால் வரைந்த கேம் அது.

இதற்கு நேர் எதிரான மனநிலையில் ஒன்று: பெதெஸ்டாவின் 2006 கேமான 'ஆப்லிவியன்', டார்க் பிரதர்ஹுட் கொலைகாரர் குழுவின் 'ஹூடனிட்' குவெஸ்ட். ஸ்கிங்ராட் நகரில் ஒரு மாளிகை. ஐந்து விருந்தாளிகள், ஆறாவது நாம். உள்ளே போனதும் கதவைப் பூட்டிவிடுவார்கள். எங்கோ ஒரு பெட்டி நிறையத் தங்கம் ஒளித்து வைத்திருக்கிறது, கண்டுபிடிப்பவருக்கே சொந்தம் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. நமக்குத் தரப்பட்ட வேலை, ஐவரையும் ஒவ்வொருவராகக் கொல்வது. யார் கொலைகாரர் என்று தெரியாமலே முடித்தால் கூடுதல் பரிசு.

கொல்வது ரொம்பச் சுலபம். பேசுவதுதான் கஷ்டம். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் மீதிப் பேர் பேசுவது மாறுகிறது. ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்படுகிறார்கள், நம்மிடம் வந்து மனசைக் கொட்டுகிறார்கள். யாருக்கு யாரைப் பிடிக்கும், யார் யாரை வெறுக்கிறார் என்று கேட்டுக் கேட்டு நாமே நூல் கோக்கிறோம். மற்ற குவெஸ்டுகளில் டயலாக் என்பது சண்டைக்கு முன்னால் வரும் விளக்கம், இங்கே அதுவே ஆயுதம். அந்த நம்பிக்கையான முகங்களைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும், ஆனாலும் விளையாடாமல் இருக்க முடியாது.

'டிஸ்கோ எலிசியம்' (2019) பற்றி எழுதத் தொடங்கினால் நிற்காது. அதில் சண்டைக்கென்று தனி அமைப்பே கிடையாது. நம் துப்பறிவாளனின் 24 திறமைகளும் அவன் தலைக்குள் குரல்களாகப் பேசும். பிரதான வழக்கு ஒரு தூக்கில் தொங்கும் பிணம். எனக்குப் பிடித்தது ஓரமாக இருக்கும் ஒன்று. புத்தகக் கடை அருகே ஓர் உழைக்கும் வர்க்கப் பெண் நின்று படித்துக்கொண்டிருப்பார். கணவர் வீட்டுக்கு வரவில்லை, குடித்துவிட்டு எங்காவது கிடப்பார் என்பார். பிறகு கடலோர மரப்பலகை நடைபாதையில் ஒரு மனிதர் இறந்து கிடப்பதைப் பார்க்கிறோம். கொலை இல்லை, சதி இல்லை, விழுந்து இறந்திருக்கிறார். துப்பறிய ஒன்றுமே இல்லை. மிச்சம் இருப்பது, அந்தப் பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்வது மட்டும்.

அந்தக் கதவின் முன் என்ன வார்த்தையைத் தேர்ந்தெடுப்பது என்று நான் உண்மையாகவே தயங்கி உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ கேம்களில் எண்ணிக்கை இல்லாமல் ஆட்களை வெட்டிச் சாய்க்கிறோம். அவர்கள் வீட்டுக்குத் தகவல் சொல்லும் வேலையை இதுவரை யாரும் நமக்குக் கொடுத்ததில்லை.

சிரிக்க ஒன்று வேண்டுமென்றால் 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' (2018). 1403-ஆம் ஆண்டு பொஹீமியா. ஒரு தகவலுக்காகக் கிராமத்துப் பாதிரியார் காட்வினைப் பிடிக்கப் போய், நாம் ஆடும் நாயகன் ஹென்றி அவரோடு இரவு முழுக்கக் குடிக்கிறான். காலையில் அவருக்குப் பேசவே முடியாத நிலை, பிரசங்கத்தை நீயே செய் என்று ஹென்றியை நிறுத்திவிடுகிறார். முந்தின இரவு அவர் போதையில் யான் ஹுஸ் பற்றிப் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் கூட்டத்தைக் கட்டிப்போடலாம். ஹுஸ் அந்தக் காலத்தில் பிராக் நகரில் நிஜமாகவே பிரசங்கம் செய்துகொண்டிருந்த சீர்திருத்தவாதி. கவனித்துக் கேட்பதையே ஒரு திறமையாகச் சோதித்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது, பத்து ஓநாய்த் தோல் கொண்டுவா, ஐந்து மூலிகை பறித்து வா வகை. ஆனால் 'போய் எடுத்து வா' என்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. விட்சர் 3-இன் ஆரம்பத்திலேயே ஒரு பாட்டி தன் வறுசட்டியை மீட்டுத் தரச் சொல்வார். போய்ப் பார்த்தால் எரிந்த காகிதங்கள் கிடக்கும். சட்டியின் கரியை யாரோ மை செய்யச் சுரண்டி எடுத்திருப்பார்கள். பாட்டிக்கு அந்த மர்மம் எதுவும் வேண்டாம், சட்டி பளபளவென்று திரும்பி வந்ததே போதும். ஐந்து நிமிஷ வேலை, ஆனால் போர்க்காலத்தில் சாதாரண மனிதர்களுக்கு எது முக்கியம் என்று காட்டிவிடுகிறது.

மேப்பில் போக வேண்டிய இடத்தைக் காட்டும் மார்க்கர் வைப்பதும் பல நல்ல குவெஸ்டுகளைக் கெடுக்கிறது என்பேன். 2002-இல் வந்த 'மாரோவிண்ட்' கேமில் அது கிடையாது. பாலத்தைத் தாண்டிக் கிழக்கே திரும்பு என்கிற மாதிரி யாராவது சொல்வார்கள், நாம் சுற்றிலும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அம்புக்குறியைப் பின்தொடரும்போது கண் மேப்பின் மூலையிலேயே இருக்கிறது, ஊரைப் பார்ப்பதே இல்லை. விட்சர் 3-இலும் செட்டிங்ஸில் போய், திரை மூலையில் தெரியும் மினிமேப்பை அணைத்துவிட்டு விளையாடிப் பாருங்கள், வெலென் வேறு இடமாகத் தெரியும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு க்ரோனோ ட்ரிகர். கைபேசியிலும் கணினியிலும் கிடைக்கிறது. லூக்காவின் வீட்டுக்குள் போனதும் முதலில் அங்கே இருக்கும் குறிப்பைப் படித்துவிடுங்கள், நேரம் ஓட ஆரம்பித்த பிறகு தேட முடியாது. விட்சர் 3 எடுத்தால் மெயின் குவெஸ்டை அவசரமாகத் தள்ளாமல் வெலெனில் பொறுமையாக இருங்கள், பாட்ச்லிங் கட்டம் வரும்போது ஆக்ஸி எந்தப் பட்டனில் இருக்கிறது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டியாவைக் கொல்லும் வழியில் போனவர்கள் யாராவது இருந்தால், அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று கமென்டில் எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.