வாங்குவோர் கேள்வி-பதில்: கொட்டேஷன் வேறு, வடிவமைப்பு வேறு

பெங்களூரு வாசகர்களிடமிருந்து அலுவலக நெட்வொர்க் தொடர்பான கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு மூன்று மாடிக் கட்டடம் ஒன்றும், மைதானத்துக்கு அப்பால் புதிய ஆய்வகக் கட்டடம் ஒன்றும் உள்ளன. நெட்வொர்க் அமைக்க மூன்று கொட்டேஷன் வாங்கினோம். ஒன்று நாலே முக்கால் லட்சம், ஒன்று ஏழு லட்சம், ஒன்று பதினோரு லட்சம். நிர்வாகக் குழு இரண்டுபட்டு நிற்கிறது. எதை ஏற்பது?
— பள்ளிச் செயலர், அல்சூர்

பதில்: மூன்றையும் ஓரமாக வையுங்கள். நீங்கள் அனுப்பிய நகல்களில் ஒருவர் 48 போர்ட் (கேபிள் செருகும் துளை) உள்ள ஸ்விட்ச், அதாவது கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி, இரண்டு என்கிறார், இன்னொருவர் 24 போர்ட் ஐந்து என்கிறார், மூன்றாமவர் "நெட்வொர்க் பணி, மொத்தம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மூவரும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருக்கும்போது, எது மலிவு என்று குழுவில் வாக்கெடுத்துப் பயனில்லை.

முதலில் உங்கள் தேவையை எழுதுங்கள். எந்த அறையில் எத்தனை கணினி, எங்கெங்கே கேமரா, ஒரு வகுப்பில் ஒரே நேரத்தில் எத்தனை டேப்லெட் இயங்கும், அடுத்த ஐந்து ஆண்டுகளில் எந்த மாடி விரிவடையும் என்பதெல்லாம் பள்ளிக்குத் தெரிந்தவை, விற்பவருக்குத் தெரியாதவை. அதை வைத்து ஒருவர் விரிவான வடிவமைப்பு ஆவணத்தைத் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு மாடியின் வரைபடத்திலும் ஒவ்வொரு முனையும் எண்ணோடு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கேபிள் செல்லும் பாதை, கருவிகளை அடுக்கும் ரேக் நிற்கும் இடம், அதன் எந்த அடுக்கில் எந்தக் கருவி, சுவர்க் கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனலின் எந்த முனை எந்த ஸ்விட்ச் போர்ட்டுக்குப் போகிறது, அலுவலகம், ஆசிரியர், மாணவர், கேமரா என எத்தனை வீலேன் (ஒரே கருவிகளில் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்), ஒவ்வொன்றுக்கும் எந்த ஐ.பி. முகவரி வரிசை, மாணவர் பக்கத்திலிருந்து கட்டண அலுவலகக் கணினியை எட்ட முடியாதபடி எங்கே தடை, மின்சாரம் போனால் யூ.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும் என்பவை எல்லாம் அந்த ஆவணத்தில் இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில்தான் பொருள் பட்டியலும் அளவும் வரும். அந்தப் பட்டியலை மூவருக்கும் கொடுத்து விலை கேட்டால், அப்போதுதான் விலையை விலையோடு ஒப்பிட முடியும்.

தயாரிப்பவர் பொருள் விற்காதவராக இருப்பது நல்லது. அவருக்குத் தனியாகக் கட்டணம் கொடுங்கள். "டிசைன் இலவசம்" என்பவர் அந்தச் செலவைப் பெட்டிகளின் விலையில் சேர்த்துக்கொள்வார், தன்னிடம் இருப்பில் உள்ள பெட்டிக்கு ஏற்பவே வரையவும் செய்வார்.

இரண்டு செய்திகளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். செப்புக் கேபிளின் எல்லை 100 மீட்டர். அதில் சுவருக்குள் நிலையாகப் போகும் நீளம் 90 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த நீளத்தைக் கேபிள் ஏறி இறங்கி வளைந்து போகும் பாதையில் அளக்க வேண்டும், நேர்க்கோட்டில் அளக்கக் கூடாது. இரண்டாவது, மைதானத்தைக் கடந்து செப்புக் கேபிள் போட யாரையும் அனுமதிக்காதீர்கள். இரு கட்டடங்களின் எர்த்திங் சமமாக இருப்பதில்லை. ஏப்ரல், மே மாத இடிமழையில் அந்தக் கேபிள் இரு பக்கத்து ஸ்விட்சுகளையும் சேர்த்துப் பறிகொடுக்க வைக்கும். அங்கே மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழையான சிங்கிள் மோடு ஃபைபர்தான் போட வேண்டும், அதிலும் நான்கு இழையாவது கூடுதலாக வேண்டும். நாலே முக்கால் லட்சக் கொட்டேஷனில் ஃபைபர் என்ற சொல்லே இல்லை.

கேள்வி: 24 பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு 24 போர்ட் ஸ்விட்ச் போதுமா?
— இந்திராநகர்

பதில்: போதாது. பிரிண்டர், கேமரா, வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட், மேலே செல்லும் இணைப்பு ஆகியவையும் போர்ட் கேட்கும்.

கேள்வி: பீன்யாவில் சிறிய லேத் பட்டறை. நானும் தம்பியும் மெஷினில் நிற்கிறோம், உதவிக்கு இரண்டு பேர். போன வருடம் கேமராவும் பில்லிங் கணினியும் இணைக்க "கேட் 6" என்ற நெட்வொர்க் கேபிள் தரம் என்று சொல்லி விற்ற கேபிளை, கடைக்காரர் அனுப்பிய ஆளே இழுத்துக் கொடுத்தார். பகலில் ஓடும் கேமராக்கள் இரவானால் அணைந்து அணைந்து எரிகின்றன. வேறொரு டெக்னீசியன் வயரைச் சுரண்டிப் பார்த்து, உள்ளே அலுமினியம் என்றார். கேட்டால், "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்.
— பீன்யா

பதில்: ஐயா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அது அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசிய கேபிள். முழுச் செம்பால் ஆனதைத்தான் தரநிலை கேட் 6 என்று ஏற்கிறது. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 61 விழுக்காடுதான். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது அது அதிக மின்சாரம் இழுக்கிறது. இந்தக் கம்பியில் வழியிலேயே மின்னழுத்தம் குறைந்து, கேமரா அணைந்துவிடுகிறது. பழுது கேமராவில் இல்லை.

இதே பொருளை எனக்கும் விற்றிருக்கிறார்கள். பெட்டியின் மேல் கேட் 6 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. எடை வழக்கத்தைவிட மிகக் குறைவு. இரண்டாம் வருடம் முனைகளில் கம்பி ஒவ்வொன்றாக ஒடியத் தொடங்கியது, முழுவதையும் உருவிவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஆகவே உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

முதலில் சான்று சேருங்கள். மிச்சமுள்ள துண்டையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். மல்டிமீட்டரால் ஒரு கம்பியின் மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். 100 மீட்டருக்கு 9.38 ஓம் என்பது தரநிலையின் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் அது கேட் 6 ஆகாது. பிறகு கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். குறையுள்ள பொருளை உரிய கெடுவுக்குள் திரும்பப் பெற மறுப்பதும், இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறைகள். பில்லில் அச்சிட்ட வரி அவரைக் காப்பாற்றாது.

தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று அவர் வாதிடக்கூடும். சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்குபவருக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், லேத் வாங்கித் தானே இயக்குபவரை உதாரணமாகவே காட்டி, ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்திருந்தாலும் அவர் நுகர்வோர்தான் என்றது. உங்கள் நிலை அதற்கு மிக நெருக்கமானது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் கெடு, தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மார்ச் 31-க்குள் ஒதுக்கீட்டைச் செலவழிக்க வேண்டியிருந்ததால் 18 ஆக்சஸ் பாயின்ட்டும், 24 போர்ட் பி.ஓ.இ. (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும்) ஸ்விட்ச் ஒன்றும் வாங்கினோம். இப்போது ஆறேழு ஆக்சஸ் பாயின்ட்டுகளுக்கு மேல் எரியவில்லை. விற்றவர் மீது நடவடிக்கை எடுக்கலாமா? இனி டிசைன் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம்.
— ஐ.டி. மேலாளர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: எடுக்க முடியாது. உங்கள் ஸ்விட்சின் விவரத்தாளில் மொத்த பி.ஓ.இ. மின்சக்தி 190 வாட் என்று எழுதியிருக்கிறது. உங்கள் ஆக்சஸ் பாயின்ட் ஒவ்வொன்றுக்கும் போர்ட்டில் 30 வாட் ஒதுக்க வேண்டும் என்று அதன் விவரத்தாள் சொல்கிறது. 190-ஐ 30-ஆல் வகுக்க ஒரு நிமிடம் ஆகாது. எல்லாப் போர்ட்டிலும் பி.ஓ.இ. உண்டு என்றுதான் பெட்டி சொன்னது. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் முழு மின்சக்தி தருவதாகச் சொல்லவில்லை. பிரிக்காத பெட்டிகள் இருந்தால் வித்தியாசத்தைக் கட்டி மாற்றிக் கேளுங்கள், இல்லையேல் மீதிக்குக் கேபிளில் மின்சாரம் சேர்க்கும் இன்ஜெக்டர் வாங்குங்கள். பெட்டியை வாங்கிவிட்டு வடிவமைப்பைத் தேடுபவர்கள் எழுதும் கடிதம் இந்தப் பகுதிக்கு மாதம் தவறாமல் வருகிறது. ஊழியர் பணமோ முதலாளி பணமோ, செலவழிக்கும் முன் விவரத்தாளின் இரண்டு வரிகளைப் படிப்பது மேலாளரின் கடமை.

கேள்வி: வைஃபை இருக்கும்போது கேபிளுக்கு ஏன் செலவு?
— காக்ஸ் டவுன்

பதில்: ஆக்சஸ் பாயின்ட்டுக்கே கேபிள் வேண்டும்.

கேள்வி: இணைப்பு அறுந்துபோகக் கூடாது என்று இரண்டு நிறுவனங்களிடம் ஃபைபர் வாங்கினோம். தெருவில் குழி தோண்டியபோது இரண்டும் ஒன்றாகப் போய்விட்டன.
— ஒயிட்ஃபீல்டு

பதில்: இரண்டு பில் வாங்கியிருக்கிறீர்கள், இரண்டு பாதை வாங்கவில்லை. கடைசி ஒரு கிலோமீட்டர் எந்தத் தெரு வழியாக, எந்தக் கம்பம் அல்லது பள்ளம் வழியாக வருகிறது என்பதை இரு நிறுவனங்களிடமும் எழுத்தில் கேட்டு, வடிவமைப்பு வரைபடத்தில் குறிக்க வேண்டும். நம் ஊரில் சாலை வெட்டாத மாதம் குறைவு என்பதால், ஒன்று ஃபைபராகவும் மற்றது ரேடியோ அல்லது 5ஜி வழியாகவும் இருப்பதே பாதுகாப்பு. இரண்டும் ஒரே ரூட்டரில் வந்து முடிகின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஜெயநகரில் கடை, ஓசூரில் கிடங்கு. இரண்டையும் வி.பி.என். (இணையத்துக்குள் போகும் தனிப் பாதை) வழியாக இணைக்க முயன்றால் குழப்பம் வருகிறது. இரண்டு இடத்திலும் 192.168.1 முகவரி வரிசைதான். புதிய ரூட்டர் வாங்கினால் சரியாகும் என்கிறார்கள்.
— துணிக்கடை உரிமையாளர்

பதில்: ரூட்டர் வாங்க வேண்டாம், முகவரியை மாற்றுங்கள். இரு முனையிலும் ஒரே வரிசை இருந்தால், தகவல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எந்த ரூட்டருக்கும் தெரியாது. வீட்டு ரூட்டர்கள் பலவற்றில் இதே வரிசை இருப்பதால், வீட்டிலிருந்து இணையும் கணக்காளருக்கும் நாளை இதே தொல்லை வரும். தனியார் நெட்வொர்க்குகளுக்கென்று 1996-இன் ஆர்.எஃப்.சி. 1918 என்ற இணைய நெறி ஆவணம் மூன்று பெரும் வரிசைகளை ஒதுக்கியிருக்கிறது. அதில் 10-இல் தொடங்குவதை எடுத்து, கடைக்கு 10.10, கிடங்குக்கு 10.20, அடுத்த கிளைக்கு 10.30 என்று இடத்துக்கு ஒன்றாகப் பிரித்து எழுதிவையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை; கூலி தவிரச் செலவில்லை.

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்கு ஃபயர்வாலோடு (நெட்வொர்க்கின் பாதுகாப்புத் தடுப்பு) சேர்த்து, லாக் (கணினிச் செயல்பாட்டுப் பதிவு) சேமிக்க ஒரு சர்வரும் வேண்டும் என்று வடிவமைப்பாளர் எழுதியிருக்கிறார். வீண் செலவாகத் தோன்றுகிறது.
— கோரமங்களா

பதில்: அவர் நேர்மையாகவே எழுதியிருக்கிறார். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்பு மீறல்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இடம் ஒதுக்காத வடிவமைப்பே குறையுள்ளது. உங்கள் சந்தேகத்தை ஃபயர்வால் பக்கம் திருப்புங்கள்: விளம்பரத்தில் உள்ள வேகம் பாதுகாப்பு வசதிகளை அணைத்துவைத்து அளந்தது. எல்லாம் இயங்கும்போது என்ன வேகம், மூன்றாண்டு லைசென்ஸ் விலை என்ன என்ற இரண்டையும் கேளுங்கள். பழைய பொருள் வாங்காதீர்கள். நான் வாங்கிய பழைய ஆக்சஸ் பாயின்ட் முந்தைய உரிமையாளரின் கணக்கிலேயே பதிவாகியிருந்தது, தயாரிப்பாளர் அதை என் பெயருக்கு மாற்ற மறுத்துவிட்டார்.

கேள்வி: ஏ.எம்.சி.யை (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை) புதுப்பிக்கவில்லை என்பதால், எங்கள் மருத்துவமனையின் ஸ்விட்ச், ஃபயர்வால் பாஸ்வேர்டுகளைத் தர பழைய ஒப்பந்தக்காரர் மறுக்கிறார். வரைபடமும் அவரிடமே.
— நிர்வாகி, ஜே.பி. நகர்

பதில்: இந்தச் செயலைப் போல என்னைக் கொதிக்க வைப்பது வேறொன்றில்லை. நோயாளிகளின் பரிசோதனை முடிவு ஓடும் நெட்வொர்க்கைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு சந்தா கேட்கிறார். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய கருவியின் பாஸ்வேர்டும், உங்கள் சுவருக்குள் ஓடும் கேபிளின் வரைபடமும் உங்கள் சொத்து. வீட்டை விற்றுவிட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்பவரை எந்தத் தெருவும் ஏற்காது. கணினித் துறையில் மட்டும் இதை "வழக்கம்" என்று ஏற்றுக்கொள்கிறோம்.

வழக்கறிஞர் மூலம் கெடு குறிப்பிட்டு நோட்டீஸ் அனுப்புங்கள். கூடவே தயாரிப்பு நிறுவனத்துக்குச் சீரியல் எண்ணையும் உங்கள் பெயரில் உள்ள பில்லையும் அனுப்பி, உரிமையை நிறுவுங்கள். அவசரப்பட்டு யாரையும் ரீசெட் பொத்தானை அழுத்த விடாதீர்கள். அமைப்பு முழுவதும் அழிந்தால் ஆய்வகமும் மருந்தகமும் நின்றுவிடும். முதலில் புதியவர் ஒவ்வொரு கேபிளையும் தொடர்ந்து போய், எந்தப் போர்ட்டில் என்ன இருக்கிறது என்று எழுதட்டும். புதிய அமைப்பைத் தாளில் முடித்துவைத்துக்கொண்டு, இரவு நேரத்தில் ஒவ்வொரு ஸ்விட்சாக மாற்றட்டும்.

புதிய ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: லைசென்ஸும் கணக்கும் மருத்துவமனையின் மின்னஞ்சலில்தான் பதிவாக வேண்டும், முதன்மைப் பாஸ்வேர்டு மூடிய உறையில் உங்கள் பெட்டகத்தில் இருக்க வேண்டும், அமைப்பின் நகல் மாதந்தோறும் உங்களிடம் வர வேண்டும், வேலை முடிந்தபின் உண்மையில் போட்டது போட்டபடி வரைந்த படம் வரும்வரை தொகையில் பத்து விழுக்காட்டை நிறுத்திவைக்க வேண்டும். இதற்கு ஒப்பாதவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கேபிள் வேலை முடிந்துவிட்டது, எல்லா முனையிலும் விளக்கு எரிகிறது. மீதித் தொகையை நாளை கொடுத்துவிடலாமா?
— சிவாஜிநகர்

பதில்: விளக்கு எரிவது சோதனை ஆகாது, குறையுள்ள கேபிளிலும் அது எரியும். ஒவ்வொரு முனைக்கும் நீளம், இழப்பு, குறுக்கீடு ஆகியவற்றை அளந்து, தேறியதா இல்லையா என்று சொல்லும் சர்டிஃபயர் கருவியின் அறிக்கையைக் கேளுங்கள். அறிக்கையில் உள்ள எண்ணும் சுவரில் ஒட்டிய லேபிளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நீங்களே பத்து இடங்களில் சரிபார்த்த பிறகு கொடுங்கள்.