அசகுசா பாலத்தில் ரயில் ஏன் ஊர்ந்து போகிறது?

டோக்கியோவில் சுமிதா ஆற்றைக் கடக்கும் தோபு என்ற தனியார் ரயில் நிறுவனத்தின் ரயில்கள் பாலத்தின் மேல் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பாலம் பழசு என்பதால் அல்ல. 1931இல் கட்டிய இரும்புப் பாலம்தான், ஆனால் காரணம் கரையில் இருக்கிறது.

அசகுசா நிலையம் ஆற்றை ஒட்டிய ஒரு பல்பொருள் அங்காடிக் கட்டடத்தின் இரண்டாம் தளத்துக்குள் அமைந்திருக்கிறது. பாலம் முடிந்த கையோடு தண்டவாளம் கிட்டத்தட்ட செங்கோணமாகத் திரும்பியாக வேண்டும். அதனால் வேகம் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்தான். வளைவு நடைமேடை வரை நீள்வதால் சில பெட்டிகளுக்கும் நடைமேடைக்கும் நடுவே அகலமான இடைவெளி விழும். அங்கே பலகை போட்டுத்தான் பயணிகளை ஏற்றுகிறார்கள்.

இந்த மெதுவை நான் குறையாகவே நினைக்கவில்லை. ஜன்னல் வழியே ஆற்றை நிதானமாகப் பார்க்கலாம். 2020 முதல் பாலத்தின் பக்கவாட்டிலேயே நடைபாதையும் உண்டு. ரயில் கைக்கெட்டும் தூரத்தில் கடந்துபோகும்.