குறை அடுப்பில்தான், அம்மாவிடம் இல்லை

கேள்வி: போன மாதம் புது இண்டக்ஷன் அடுப்பு வாங்கினோம். பட்டனே கிடையாது, எல்லாம் கண்ணாடியைத் தொட்டு இயக்குவது. என் அம்மாவுக்கு 71 வயது. ஈரக்கையோடு தொட்டால் அது கேட்பதில்லை, பால் பொங்கி வழிந்தால் தானாக என்னவோ மாறிவிடுகிறது. அம்மா அதைத் தொடவே பயப்படுகிறார். "வயசாயிடுச்சு, பாட்டிதான் பழகிக்கணும், இனிமே எல்லாமே டச்தான்" என்கிறான் என் மகன். காலத்துக்கு ஏற்ப மாறிக்கொள்வதுதானே சரி? (வாசகி, கும்பகோணம்)

பதில்: இல்லை, உங்கள் மகன் சொல்வது தவறு. அதை நீங்களும் பாதி நம்பிவிட்டீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். குறை அடுப்பில் இருக்கிறது.

அந்தக் கண்ணாடிக்கு அடியில் அழுத்துவதற்கு ஒன்றுமே கிடையாது. சின்னச் சின்னச் செம்புத் தகடுகள், அவற்றைச் சுற்றி லேசான மின்புலம், அவ்வளவுதான். விரல் பக்கத்தில் வந்தால் அந்த மின்புலம் மாறும், உள்ளே இருக்கும் சிப் அதை 'தொட்டார்கள்' என்று எடுத்துக்கொள்ளும். தண்ணீர் பட்டாலும் அது மாறும், பால் வழிந்தாலும் மாறும். சமையலறையில் யாருடைய கை காய்ந்திருக்கிறது? அரிசி களைந்த கை, புளி கரைத்த கை, அந்தக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொடு என்று ஓர் அடுப்பு சொன்னால், அதைச் செய்தவர் சமையலறைப் பக்கம் போனதே இல்லை என்றுதான் நான் நினைப்பேன்.

பிறகு ஏன் செய்கிறார்கள் என்றால், அவர்களுக்கு மலிவு. பட்டன் என்றால் அசைகிற பாகம் வேண்டும், அதற்கு மேல்தகட்டில் துளை வேண்டும், தண்ணீர் இறங்காமல் அடைப்பு வேண்டும். தொடு பரப்புக்கு இதெல்லாம் வேண்டாம், மேலே அச்சிட்டிருக்கும் படத்தை மாற்றினால் அடுத்த மாடல் தயார். கடையில் வரிசையாக வைத்தால் பளபளவென்று இருக்கும். அங்கே மிச்சமாகிற காசுக்குத்தான் உங்கள் அம்மா தினமும் அல்லாடுகிறார்.

சரி, வயது விஷயத்துக்கு வருகிறேன். தொடுதிரையில் தடுமாறுவது வயதானவர்கள் மட்டும் இல்லை. ஸ்வீடனில் வீ பீலேகாரே என்று ஒரு கார் பத்திரிகை. 2022-இல் அவர்கள் 11 புதுக் கார்களையும், பட்டன்கள் நிறைந்த 2005-ஆம் வருடத்து வோல்வோ வி70 ஒன்றையும் ஒரு விமான ஓடுதளத்துக்குக் கொண்டுபோய், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே சில சின்ன வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். ஏசி சூட்டைக் கூட்டுவது, ரேடியோவில் குறிப்பிட்ட நிலையத்துக்குப் போவது மாதிரியான வேலைகள். பழைய வோல்வோவில் எல்லாம் முடிய 10 விநாடி. தொடுதிரை வைத்த எம்ஜி மார்வெல் ஆர் காரில் 44.9 விநாடி, அதற்குள் கார் 1,372 மீட்டர் போய்விட்டது. ஓட்டியவர்களுக்கு முன்கூட்டியே அந்தத் திரைகளைப் பழகிக்கொள்ள நேரமும் கொடுத்திருந்தார்கள். அவ்வளவு தூரமும் ஓட்டுபவரின் கண் சாலைக்கும் திரைக்குமாக அலைந்துகொண்டிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. 2017 ஆகஸ்ட் 21 அதிகாலை, சிங்கப்பூருக்கு அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். அந்தக் கப்பலில் வேகமும் திசையும் தொடுதிரையில்தான். வேகக் கட்டுப்பாட்டைப் பக்கத்துத் திரைக்கு மாற்றப்போனபோது சுக்கானும் தெரியாமல் அங்கே போய்விட்டது, சுக்கானை இயக்குபவர் அது செயலிழந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அப்புறம் வேகத்தைக் குறைத்தபோது இரண்டு பக்கத்துப் புரொப்பல்லரும் சேர்ந்து குறையாமல் இடப்பக்கம் மட்டும் குறைந்தது, கப்பல் இடதுபுறம் திரும்பி எண்ணெய்க் கப்பலின் பாதைக்கே போனது. பயிற்சியும் மேற்பார்வையும் போதவில்லை என்பது முக்கியக் காரணம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் 2019-இல் அறிக்கை கொடுத்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அந்தத் திரையின் வடிவமைப்பே தவறு நடக்கும் வாய்ப்பைக் கூட்டியது என்றும் எழுதியது. கைப்பிடி நெம்புகோலாக இருந்தால் இரண்டும் ஒரே அளவில் இல்லை என்பதைக் கை சொல்லிவிடும். கடற்படையும் அந்த வகைக் கப்பல்களில் பழையபடி நெம்புகோலைப் பொருத்த முடிவெடுத்தது. அவர்கள் யாரும் 71 வயதுப் பாட்டிகள் இல்லையே.

கை சொல்லும் என்றேனே, விஷயமே அதுதான். ராத்திரி எழுந்து விளக்குப் போடாமல் ஃபேன் ரெகுலேட்டரைத் திருகி எத்தனையில் வைத்தோம் என்று நமக்குத் தெரிகிறது. தட்டச்சுப் பலகையில் எஃப், ஜே எழுத்துகளில் சின்ன மேடு இருப்பதும் விரல் பார்ப்பதற்காகத்தான். வழவழப்பான கண்ணாடியில் விரலுக்கு ஒன்றும் தெரியாது, கண்ணைத்தான் கூப்பிட வேண்டும். கண்ணே தெரியாதவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள்? பட்டன் எங்கே என்று தடவிப் பார்த்தாலே அது அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர், கடையில் வெறும் கண்ணாடித் திரை வைத்த கார்டு மெஷினை நீட்டினால், தன் ரகசிய எண்ணைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார். கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லோரும் பயன்படுத்தக்கூடிய வடிவில் பொருள்கள் தயாராவதை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு சொல்கிறது. கடையில் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது.

போனில் தொடுதிரை வந்ததை நான் குறை சொல்லவில்லை. எண் பட்டன்களை நாலைந்து தரம் அமுக்கித் தமிழில் ஒரு எழுத்து வரவழைத்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. போன் ஒரு நிமிடம் கேமரா, அடுத்த நிமிடம் வரைபடம், அதற்கு மாறுகிற முகம் தேவை. அடுப்புக்கு என்ன தேவை? ஏற்ற வேண்டும், அணைக்க வேண்டும், கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும்.

"இனிமே எல்லாமே டச்தான்" என்பதும் உண்மையில்லை. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு மதிப்பெண் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 ஜனவரி முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஐந்துக்கும் தனிப் பட்டனோ தண்டோ இருப்பதற்கு மதிப்பெண் வைத்திருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனி, கோல்ஃப் என்ற தன் காரின் ஸ்டியரிங்கில் தொடு பரப்பை வைத்து, வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கி, 2024 மாடலில் பட்டன்களைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

இனி செய்ய வேண்டியது. கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். அழுத்துகிற பட்டன் வைத்த இண்டக்ஷன் அடுப்புகள் இன்றும் விற்கின்றன, விலையும் பெரும்பாலும் குறைவுதான். வாங்கும்போது அம்மாவைக் கடைக்கு அழைத்துப்போங்கள், கையை நனைத்துக்கொண்டு அவரே இயக்கிப் பார்க்கட்டும், கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றால், ஏன் திருப்பித் தர நினைத்தீர்கள் என்பதையாவது அந்தக் கம்பெனிக்கு எழுதுங்கள், ஈரக்கை, பொங்கிய பால் எல்லாவற்றையும் சேர்த்து. கடிதத்தை உங்கள் மகனே எழுதட்டும், பாட்டியிடம் கேட்டுக் கேட்டு.