காட்டு வழியில் ஜிபிஎஸ் போதுமா, தாள் வரைபடமும் வேண்டுமா?

பெங்களூரிலிருந்து கொள்ளேகால், திம்பம் வழியாகக் கோவைக்குப் போகும்போது சிக்னல் போனால் ஜிபிஎஸ் வேலை செய்யுமா, தாள் வரைபடம் வாங்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலை செய்யும். ஜிபிஎஸ்ஸுக்கு மொபைல் டவர் தேவையில்லை. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது 4 அனுப்பும் நேரக் குறிப்பை வைத்தே போன் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. இணையம் தேவைப்படுவது வரைபடத்துக்குத்தான். ஆசனூர் தாண்டி எனக்கு ஒருமுறை அதுதான் நடந்தது: நீலப் புள்ளி ஜம்மென்று நகர்கிறது, சுற்றிலும் வெறும் சாம்பல் கட்டம். சாலையைக் காணோம்! அதனால் கிளம்பும் முன்பே வீட்டு வைஃபையில் வரைபடத்தை இறக்கி வையுங்கள்.

தாள் வரைபடம் நெரிசலைச் சொல்லாது. பெங்களூரின் நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சந்திப்பில் அதை விரித்தால் பின்னால் ஹாரன்தான். ஆனால் முழு வழியும் ஒரே பார்வையில் தெரியும், சார்ஜும் வேண்டாம். நானோ வாங்குவதில்லை; ஊர்ப் பெயர்களை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டேஷ்போர்டில் செருகிவிடுவேன்: கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், சாமராஜநகர், ஆசனூர், திம்பம், சத்தியமங்கலம்.

அப்புறம், திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் வாகனங்களுக்குத் தடையும் உண்டு. விசாரித்துவிட்டு விடியற்காலையிலேயே கிளம்புங்கள்.