பிரவுசர் உங்கள் டிஎன்எஸ்ஸைத்தான் கேட்கிறதா?

கேள்வி: அலுவலக நெட்வொர்க்கில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) வழியாகத் தளங்களைத் தடுக்கும் ஃபில்டர் வைத்திருக்கிறோம். இருந்தும் சில லேப்டாப்களில் தடை செய்த தளங்கள் திறக்கின்றன. பிரவுசரின் மறையாக்க டிஎன்எஸ்தான் காரணமா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: முதலில், என்எஸ்லுக்அப் (டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் கட்டளை) முடிவை நம்பி உட்கார வேண்டாம். அது கேட்பது கணினியில் பதிந்துள்ள டிஎன்எஸ் சர்வரை. பிரவுசரின் டிஓஹெச் (ஹெச்டிடிபிஎஸ் வழியாகப் போகும் மறையாக்க டிஎன்எஸ்) கேள்வியோ 443 போர்ட்டில், சாதாரண ஹெச்டிடிபிஎஸ் போக்குவரத்தோடு கலந்து வெளியே போய்விடும்.

உங்கள் டொமைனிலேயே ஒரு சோதனைப் பெயர் உருவாக்குங்கள். உள் சர்வர் ஒரு ஐபியும் வெளி டிஎன்எஸ் வேறொரு ஐபியும் தரட்டும். இரண்டிலும் வெவ்வேறு பக்கம் வையுங்கள். பிரவுசரில் எந்தப் பக்கம் வருகிறதோ அதுதான் விடை. வைல்ட்கார்டு ரெக்கார்டாக (முன்னால் எந்தப் பெயர் வந்தாலும் ஒரே பதில் தரும் பதிவு) போட்டு ஒவ்வொரு முறையும் புதுப் பெயரால் திறங்கள், இல்லையென்றால் கேஷில் சேமித்து வைத்த பழைய பதில் ஏமாற்றும். உள்ளே மட்டும் இருக்கும் பெயரை வைத்துச் சோதித்தால் போதாது. ஃபயர்பாக்ஸ் இயல்பு நிலையில் டிஓஹெச்சில் பெயர் கிடைக்காவிட்டால் கணினியின் டிஎன்எஸ்ஸுக்குத் திரும்பிவிடும். தளம் திறக்கும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், ஆனால் பெயர் வெளியே போயிருக்கும்.

எந்த லேப்டாப்பில் சோதிக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். நிறுவன பாலிசி (அட்மின் கணினிகளுக்கு மொத்தமாகப் போடும் கட்டாய செட்டிங்) இருப்பது தெரிந்தால் ஃபயர்பாக்ஸும் குரோமும் டிஓஹெச்சைத் தாமாக இயக்காது. அட்மின் தன் லேப்டாப்பில் பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்பது இதனால்தான். பாலிசி இல்லாத கணினியில், புது புரொஃபைலில் பாருங்கள்.

ஃபயர்பாக்ஸ் டிஓஹெச்சைத் தானாக இயக்கும் முன் 'யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ்.நெட்' என்ற பெயரை நெட்வொர்க்கின் டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். அதற்கு 'அப்படியொரு பெயர் இல்லை' என்று உங்கள் சர்வர் பதில் சொன்னால் இயக்காது. பயனரே செட்டிங்ஸில் இயக்கியிருந்தால் இந்தப் பதிலை அது பொருட்படுத்தாது. ஆகவே இரண்டு நிலையிலும் சோதியுங்கள். குரோம் இந்தப் பெயரைப் பார்ப்பதில்லை. கணினியில் பதிந்துள்ள டிஎன்எஸ் சர்வர் தனக்குத் தெரிந்த நிறுவனத்துடையது என்றால், அதே நிறுவனத்தின் டிஓஹெச்சுக்கு மாறும். டிஹெச்சிபி (கணினிகளுக்கு நெட்வொர்க் அமைப்புகளைத் தரும் சேவை) உங்கள் உள் சர்வரை மட்டும் கொடுத்தால் தானாக மாற வழியில்லை. 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூகுளின் டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8-ஐ இரண்டாவதாகப் போட்டிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். மறையாக்கம் இல்லாமலேயே அது ஃபில்டரில் ஓட்டைதான்.

நிறுவனக் கணினிகளுக்குத் தீர்வு பாலிசிதான். குரோமில் 'டிஎன்எஸ்-ஓவர்-ஹெச்டிடிபிஎஸ்-மோட்' என்பதை 'ஆஃப்' ஆக்குங்கள். ஃபயர்பாக்ஸில் அணைத்தால் மட்டும் போதாது, 'லாக்டு' என்பதையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பயனர் திரும்ப இயக்கிக்கொள்வார்.

ஊழியர்களின் சொந்தச் சாதனங்கள் கதை வேறு. 853 போர்ட்டை அடைத்தால் டிஓடி (தனி போர்ட்டில் போகும் இன்னொரு மறையாக்க டிஎன்எஸ்) தடைபடும், டிஓஹெச் தடைபடாது. தெரிந்த டிஓஹெச் சர்வர்களை ஒவ்வொன்றாகத் தடுக்கலாம், ஆனால் அந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். என்னைக் கேட்டால், அந்தச் சாதனங்களைத் தனி விஎல்ஏஎன்-க்கு (பிரித்து வைத்த துணை நெட்வொர்க்) மாற்றிவிட்டு, உள் சர்வர்களுக்கு அங்கிருந்து வழியில்லாமல் செய்துவிடுவேன்.