சத்தம் போடும் கடன்

அன்புள்ள ஐயா,

வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு கிரெடிட் கார்டுகள் வைத்திருக்கிறேன். பதினொரு வருடமாக ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டியவன், முதல் கார்டில் இப்போது இரண்டு மாத நிலுவை. இரண்டாவதில் கொஞ்சம் லிமிட் மீதி இருக்கிறது. அதில் பணம் எடுத்து, முதல் கார்டுக்கு மாதாமாதம் கட்டியே ஆக வேண்டிய மினிமம் தொகையைக் கட்டிக்கொண்டே வந்தால், வேலை கிடைக்கும்வரை சமாளித்துவிட முடியுமா? கிரெடிட் ஸ்கோர் விழுந்துவிடுமே என்று பயமாக இருக்கிறது. தினமும் ஏழெட்டு ஃபோன் வருகிறது, ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்கிறார்கள். மூன்று மாதச் செலவுப் பட்டியலை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

கேட்டதற்கு முதலிலேயே பதில்: வேண்டாம். கார்டில் ரொக்கம் எடுத்தால் பொதுவாக எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும், எடுப்பதற்கென்று தனிக் கட்டணமும் உண்டு. ஸ்கோர், அதாவது கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்பதற்கான மதிப்பெண், விழும். வேலை கிடைத்து ஒழுங்காகக் கட்ட ஆரம்பித்தால் மெல்ல ஏறும். அதைப் பற்றி இப்போது பேச வேறொன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தைவிட அந்தப் பட்டியல்தான் என்னைத் தொந்தரவு செய்தது. முதல் வரி, முதல் கார்டு. அடுத்தது இரண்டாவது கார்டு. அதற்குக் கீழேதான் வாடகை, மளிகை, மகளின் பள்ளிக் கட்டணம். ஒன்பதாவது வரியில் ‘அம்மா பல் சிகிச்சை – பிறகு’ என்று இருக்கிறது. மூன்று மாதப் பட்டியலிலும் அதே ஒன்பதாவது இடம், அதே ‘பிறகு’.

இப்படி ஒரு ‘பிறகு’வை நானும் எழுதியிருக்கிறேன். நான் வேலையில்லாமல் இருந்த நாட்களில் அப்பாவின் காது மெஷின் கெட்டுப்போனது. சரிசெய்ய ஆகும் செலவு, என் கார்டின் ஒரு மாத மினிமம் தொகையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் அப்பா என்றேன். காதில் விழாவிட்டாலும் தலையாட்டினார். ஆறு மாதம் மினிமத்தை ஒரு நாள் பிசகாமல் கட்டினேன். அந்த ஆறு மாதமும் அவர் கூடத்தில் உட்கார்ந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டார். ஒருநாள் என் மனைவியிடம், “யாருக்கும் என் மேல் கோபமா அம்மா, ஏன் யாரும் பேசுவதில்லை?” என்று கேட்டிருக்கிறார். அப்புறம் மெஷின் வந்தது. ஆனால் பழையபடி பேச்சுக்கு நடுவே புகுந்து சண்டை போடும் மனிதர் திரும்பி வரவில்லை.

அந்த ஆறு மாதத்தில் நான் என்ன சாதித்தேன் என்று பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடுங்கள். நிலுவை 100 என்று வைத்துக்கொள்வோம். வட்டி மாதம் 3 சதவீதம், மினிமம் 5 சதவீதம். கட்டும் ஐந்தில் மூன்று வட்டிக்குப் போய்விடும், அசலில் குறைவது இரண்டுதான். ஆறு மாதத்தில் மொத்தம் 28-க்கும் மேல் கட்டியிருப்பீர்கள், கடன் குறைந்திருப்பது சுமார் 11. இதுவும் கார்டில் புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தால்தான். நிலுவை இருக்கும்போது புதிதாக வாங்கினால், கார்டில் வாங்கியதற்கு வழக்கமாகக் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் பெரும்பாலும் கிடைக்காது. மாதம் 3 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். கட்டாமல் விட்டு வட்டிக்கு வட்டி சேர்ந்தால் அது வருடத்துக்கு 42 சதவீதத்துக்கும் மேல்.

பதினொரு வருடம் தவறியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெருமைக்காக அம்மாவைப் பல்வலியோடு உட்கார வைத்திருக்கிறீர்கள். கோபம் வருகிறது எனக்கு. கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் யாருக்கு முதலில் என்று ஒரு வரிசை இருக்கிறது. கூரை, சாப்பாடு, மருந்து, வேலை தேடுவதற்கு வேண்டிய ஃபோனும் போக்குவரத்தும். அப்புறம் வீட்டையோ வண்டியையோ அடமானம் வைத்து வாங்கிய கடன், ஏனென்றால் கட்டாவிட்டால் அந்தப் பொருள் போய்விடும். கார்டுக் கடன் அதற்கும் பின்னால். வரிசையில் கடைசியில் நிற்பவர் ஒரு நாளைக்கு எட்டு முறை கூப்பிடுகிறார், அம்மா ஒரு முறைகூடக் கூப்பிடுவதில்லை. சத்தம் வரும் பக்கம் பணத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கார்டு கொடுப்பவருக்கு இந்த நஷ்டம் புதிதல்ல. 1958-ல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, ஃபிரெஸ்னோ என்ற ஊரில் 60,000 பேருக்கு, அவர்கள் கேட்காமலே, கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. இன்றைய விசா கார்டின் தொடக்கம் அதுதான். கொஞ்ச காலத்திலேயே, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கணக்குகள் பணம் வராமல் நின்றன. ஆனாலும் அந்தத் தொழில் நிற்கவில்லை, உலகம் முழுக்கப் பரவியது. அடமானம் கேட்காமல் கொடுக்கும் கடனில் சிலர் கட்ட முடியாமல் போவார்கள் என்று தெரிந்துதான் அவ்வளவு வட்டி வைக்கிறார்கள். உங்கள் இரண்டு மாத நிலுவையைத் தாங்கும் வழி அவர்களிடம் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு உங்களைத் தவிர வேறு வழி இல்லை.

அதற்காக ஃபோனை அணைத்துவிட்டு உட்காரச் சொல்லவில்லை. நீங்களே கூப்பிடுங்கள். வேலை போனதைச் சொல்லி, வட்டியைக் குறைக்கவோ, சில மாதம் தள்ளிவைக்கவோ, தவணையாக மாற்றவோ திட்டம் உண்டா என்று கேளுங்கள். பலரிடம் இருக்கும், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். தர முடியாத தொகைக்குத் தலையாட்டாதீர்கள். என்ன ஒப்புக்கொண்டாலும் எழுத்தில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். இரண்டாவது கார்டை இன்றே கத்தரித்துப் போடுங்கள்.

ஜெயில் விஷயம். ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டதை நிறைவேற்ற முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் சிறையில் அடைக்கக் கூடாது என்று, குடிமை அரசியல் உரிமைகளுக்கான 1966-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. பெரும்பாலான நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. நெருக்கடி நிலையில்கூட அந்தப் பிரிவை நிறுத்திவைக்க முடியாது. ஏமாற்றி வாங்கிய கடனும், பணம் இல்லாமல் திரும்பி வந்த காசோலையும் வேறு கதை. உங்கள் மேல் வழக்குப் போடலாம், அது பணத்துக்கான வழக்கு. மிரட்டுபவரின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள். எதுவாக இருந்தாலும் எழுத்தில் அனுப்பச் சொல்லிவிட்டு ஃபோனை வையுங்கள்.

வீட்டில் இதெல்லாம் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றுதான் நினைக்கிறேன், பட்டியல் முழுக்க ஒரே கையெழுத்து. இன்று இரவு மனைவியை உட்கார வைத்து இரண்டு பேருமாகப் புதிய பட்டியல் எழுதுங்கள். கார்டுகள் கடைசியில். ஒன்பதாவது வரியை மேலே ஏற்றி, ‘பிறகு’ இருந்த இடத்தில் பல் டாக்டர் கொடுத்த தேதியை எழுதி எனக்கு அனுப்புங்கள்.