உருளைக்கிழங்குக் குழல்: பிள்ளைகள் கேட்டவையும் பதில்களும்

உருளைக்கிழங்கைச் சுடும் 'பீரங்கி' பற்றி மலையகத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்குத் தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

சேர், பீவீசீ பைப்புக்குள் ஹெயார் ஸ்பிரே அடித்துப் பற்றவைக்கும் வீடியோ பார்த்தோம். நாங்களும் செய்யலாமா? (ஹட்டன்)

வேண்டாம் தம்பி. வாயு கூடினாலும் பற்றாது, குறைந்தாலும் பற்றாது. பற்றவில்லையே என்று பைப்பின் வாயில் எட்டிப் பார்க்கும்போது வெடித்தால் முகம் போய்விடும். பைப்பே பிளந்தால் பிடித்திருக்கும் கையும் தப்பாது.

நெருப்பில்லாமல், சைக்கிள் பம்பால் காற்றடைத்தால்?

அதுவும் வேண்டாம். பைப்பில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு தண்ணீருக்கானது. தண்ணீர் நசுங்குவதில்லை, பைப் வெடித்தாலும் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு அழுத்தம் விழுந்துவிடும். நசுங்கிய காற்று அப்படியல்ல, விரிந்துகொண்டே உடைந்த துண்டுகளை வீசியெறியும்.

அப்படியென்றால் எதைத்தான் செய்வது சேர்?

கையளவு குழல் செய்யுங்கள். விஷயம் முழுக்க அதிலேயே இருக்கிறது. விரல் பருமனில், ஒரு சாண் நீளத்தில், கண்ணாடி போலத் தெரியும் கெட்டியான பிளாஸ்டிக் குழாய் ஒன்று, அதற்குள் தாராளமாகப் போய்வரும் தடி ஒன்று. கிழங்கை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வில்லையாக வெட்டிப் பலகையில் வையுங்கள். குழாயின் ஒரு முனையை வில்லையில் அழுத்தித் திருகி எடுங்கள். மற்ற முனையையும் அப்படியே. இரண்டு முனையிலும் கிழங்கு அடைப்பு, நடுவில் சிறைப்பட்ட காற்று. பின்னடைப்பைத் தடியால் தள்ளும்போது முன்னடைப்பைக் கவனியுங்கள்: முதலில் அசையாது. காற்று பாதியாக நசுங்கினால் அதன் அழுத்தம் இரட்டிக்கும். 1662இல் பொயில் என்ற விஞ்ஞானி வெளியிட்ட விதி இதுதான். அடைப்பின் பிடியை அழுத்தம் மிஞ்சியதும் 'டப்' என்று பறக்கும். தடி முழுவதும் உள்ளே போகாதபடி அதில் இறப்பர் பட்டி சுற்றிவிடுங்கள்.

கொழும்பில் மாமா வீட்டில் சீக்கிரம் வெடித்தது. நுவரெலியாவில் இன்னும் கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கிறதே?

நன்றாகக் கவனித்திருக்கிறாய் தங்கச்சி! நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபஸ்கால், அங்கே 81 அளவுதான். ஐதான காற்றை அடைத்துத் தொடங்குவதால், அதே அடைப்பைத் தள்ள இன்னும் கொஞ்சம் கூடுதலாக நசுக்க வேண்டும். தடியில் அடையாளமிட்டு இரண்டு ஊரிலும் அளந்து பார். வில்லைத் தடிப்பு மட்டும் மாறக்கூடாது.

எந்தக் கிழங்கு நல்லது? (பண்டாரவளை, ஓர் அம்மா)

கிரானோலா இனமோ வேறெதுவோ, புதிதாகக் கெட்டியாக இருந்தால் போதும். வாடிய கிழங்கின் ஓரத்தால் காற்று கசியும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம் அம்மா. சுவரைப் பார்த்துச் சுடச் சொல்லுங்கள், ஆளைப் பார்த்து வேண்டாம்.

பெரிதாகச் செய்தால் காட்டுப்பன்றியை விரட்டலாமா? (வெலிமடை)

அண்ணே, உங்கள் பாத்திக்குப் பக்கத்திலேயே அடுத்தவர் பாத்தியும் ஆட்களும். இருட்டில் குறி தெரியாது. வீட்டில் செய்த சுடுகருவியென்றால் பொலிஸ் பிரச்சினையும் வரும். நல்ல வேலி அடியுங்கள்.

விஞ்ஞான தினத்துக்கு வைக்கலாமா சேர்?

வையுங்கள். சாய்வை மாற்றாமல், வில்லைத் தடிப்பை மட்டும் மாற்றி, ஒவ்வொரு தடிப்புக்கும் ஐந்து முறை சுட்டுத் தூரத்தின் சராசரியை வரைபடமாக்குங்கள். அரை சென்ரிமீற்றர் வில்லையிலிருந்து தொடங்கலாம்.